கல்லூரிக்குப் புறப்படும் பிள்ளைக்கு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாளே உன் வீட்டுத் திண்ணையில் யோசனை சொல்ல ஆள் நிரம்பிவிடும். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்று வைத்துக்கொள். உத்திரமேரூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மே மாதம் பிறந்தால் இன்னமும் பிள்ளைகள் மதிப்பெண் பட்டியலோடு வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சொன்னதை இங்கே எழுதித் தருகிறேன், கண்ணு. அப்பா அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

1. உன் விண்ணப்பத்தை நீயே நிரப்பு. பிரவுசிங் சென்டர் அண்ணன் நல்லவர்தான், வேகமாகத் தட்டுவார். ஆனால் உனக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது உன் பெயரின் தலைப்பெழுத்தை அவர் எதற்கு இரண்டு முறை பார்க்கப் போகிறார்? என்னிடம் படித்த பெண் ஒருத்தியின் விண்ணப்பத்தில் கடைக்காரர் அவசரத்துக்குத் தன் போன் நம்பரையே போட்டுவிட்டார். ஓ.டி.பி. எல்லாம் அவர் போனுக்கே போயிற்று. கிடைத்த இடத்தை உறுதி செய்யக் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்து, கடையும் பூட்டிக் கிடந்தது. அவளும் அவள் அப்பாவும் சைக்கிளில் அவர் வீட்டைத் தேடி மானாம்பதி வரை போனார்கள். ஆள் கிடைத்தார், இடமும் கிடைத்தது. நம்பர், மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றும் உன்னுடையதாக இருக்கட்டும். ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வை.

2. சான்றிதழ் வேலையை முடிவு வரும்வரை ஒத்திப்போடாதே. சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி என்று ஒவ்வொன்றும் இ-சேவை மையத்தில் பதிந்த பிறகு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று மேலே போய்த்தான் திரும்பும். ஜூன் மாதம் தாலுகா முழுவதும் அதே சான்றிதழைக் கேட்டு நிற்கும். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது. ஆதாரில் ஒரு பெயர், மதிப்பெண் பட்டியலில் வேறு பெயர் என்று இருந்தால் பிளஸ் டூ சேர்ந்ததுமே சரி செய்துகொள்.

3. சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கும் தாளில் பொய் எழுதாதே. வீட்டில் அண்ணன் பட்டம் வாங்கியிருந்தால் நீ முதல் பட்டதாரி இல்லை. "யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்று சொல்ல ஊரில் ஆள் உண்டு. பின்னால் விசாரணை என்று வந்தால் பதில் சொல்ல அவர் வரமாட்டார். கையெழுத்து உன்னுடையது.

4. மொத்த மதிப்பெண்ணை வைத்து உன்னை அடுத்த வீட்டோடு அளக்காதே. மாநில முதலிடம் என்று பெயர் அறிவிப்பதை அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. நம் தெருதான் இன்னும் நிறுத்தவில்லை. பொறியியலுக்கு 2007 முதல் நம் மாநிலத்தில் நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று குறுக்கி, 200-க்குக் கணக்கிடுவதுதான் கட்-ஆஃப். மொழிப்பாடத்தில் அள்ளிக்கொண்டு 600-க்கு 560 வாங்கியவன், 530 வாங்கியவனுக்குப் பின்னால் நிற்க நேரும்.

கட்-ஆஃப் சமமாக வந்தால் பாட மதிப்பெண்களை வரிசையாக ஒப்பிடுவார்கள், பிறந்த தேதியைப் பார்ப்பார்கள். அதுவும் ஒன்றாக இருந்தால் கடைசியில் சமவாய்ப்பு எண், குலுக்கல் மாதிரி. இந்த எண்ணைச் சொன்னால் வெளியூர்ப் பிள்ளைகள் விழிக்கும், நீ விழிக்கக் கூடாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டு உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. ஊர் நிர்வாகத்துக்கு ஆள் எடுக்க, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறு பையனை விட்டு எடுக்கச் சொன்ன ஊர் நம்முடையது. அந்தக் குடத்தில் பெயர் விழ நிலம் வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். உனக்கு அதெல்லாம் தேவையில்லை.

5. வாட்ஸ்அப்பில் வரும் கல்விச் செய்தியை அன்றைக்கே நம்பாதே. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வந்தபோது பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு இனி இல்லை என்றார்கள். அது உண்மைச் செய்தி. ஊருக்குள் வந்து சேர்வதற்குள் அது "பிளஸ் ஒன் பாடமே வேண்டாமாம்" என்று ஆகிவிட்டது. பரீட்சைதான் போயிற்று, பாடம் போகவில்லை. பிளஸ் ஒன் கணக்கைத் தாவியவன் கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே திணறுவான். சந்தேகம் வந்தால் தலைமை ஆசிரியரைக் கேள், இல்லையென்றால் கல்வி உதவி எண் 14417-ஐக் கூப்பிடு.

6. பொறியியல் கலந்தாய்வில் கல்லூரிகளின் விருப்ப வரிசை போடும்போது பயத்தைக் காட்டாதே. "அந்தக் கல்லூரி நமக்கெங்கே கிடைக்கும்" என்று பிடித்ததைக் கீழே தள்ளுகிறவர்கள் நிறைய. கணினி உன் பட்டியலை மேலிருந்துதான் பார்க்கும். முதலாவது இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் அடுத்தது. மேலே ஆசையாக ஒன்றை வைத்ததற்காகக் கீழே உள்ளது உன் கையை விட்டுப் போகாது. 2018-க்கு முன்பு கலந்தாய்வுக்காகக் கிண்டிக்கு, அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் போக வேண்டும். திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் கரைவதைப் பார்த்துக்கொண்டே சில நிமிடத்தில் முடிவு சொல்ல வேண்டும். இப்போது வீட்டிலிருந்தே, சில நாள் யோசித்து வரிசைப்படுத்தலாம். அந்த நாட்களை வீணாக்காதே. பட்டியலில் போடுகிற கல்லூரிகளில் இரண்டையாவது பஸ் ஏறிப் போய்ப் பார். ஆய்வகம் திறந்திருக்கிறதா என்று பார், வாசலில் நிற்கும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளையிடம் பேசு. விளம்பரப் பலகையில் வேலைக்குப் போனவர்கள் சிரிப்பார்கள். போகாதவர்களுக்கு யாரும் பலகை வைப்பதில்லை.

7. முன்பணம் கேட்டு வருகிறவரிடம் உன் அப்பாவைத் தனியாக விடாதே. இதைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கலந்தாய்வு தொடங்கும் முன்பே வெள்ளைச் சட்டையில் கல்லூரித் தரகர் ஒருவர் வருவார். "கவுன்சலிங் வரை காத்திருந்தால் சீட்டுப் போய்விடும், இன்றைக்கே ஐயாயிரம் கட்டுங்கள்" என்பார். அவர் சொல்லாதது இது: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் 2021 முதல் தனியாக இருக்கிறது. மருத்துவத்தில் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. அப்படிப் பொறியியலில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். ஆனால் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் கையெழுத்துப் போட்டால் அதுவும் போயிற்று, முதல் பட்டதாரிச் சலுகையும் போயிற்று. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வுக்குள் வருவதே இல்லை. பணமே கட்டாமல் படித்திருக்க வேண்டிய பையனுக்காகக் கறவை மாட்டை விற்ற ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். பையன் கெட்டிக்காரன். "அதெல்லாம் பெரியவங்க விஷயம்" என்று பக்கத்திலேயே பேசாமல் நின்றிருந்தான். நீ அப்படி நிற்காதே, வாயைத் திறந்து கேள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்கு. கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்று நம் ஊர்க் கல்வெட்டே சொல்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. சரிபார்த்ததும் கேட்டு வாங்கிக்கொள்.

8. பொறியியல் கிடைக்கவில்லை என்று அழாதே. செய்யாறு அரசு கலைக் கல்லூரியும் காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரிகளும் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். வரலாறு படிக்க ஆசைப்பட்டவனைக் கம்ப்யூட்டர் படிப்பில் தள்ளினால் இரண்டுமே கெடும் என்பது என் எண்ணம். உன் பெரியப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், பரவாயில்லை.

9. ஒரு பாடம் போய்விட்டால் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளாதே. துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வரும், எழுதித் தேறி அதே ஆண்டு கல்லூரியில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். மதிப்பெண் குறைவாகத் தோன்றினால் விடைத்தாள் நகல் கேட்டு வாங்கலாம். மனம் தாங்காவிட்டால் 104-க்குப் பேசு, நடு ராத்திரியானாலும் என்னிடம் வா.

10. சேரும் நாளன்று அப்பாவை வாசலில் நிறுத்திவிட்டு நீ மட்டும் உள்ளே போகாதே. வேட்டியில் சேறு இருந்தாலும் வரட்டும். படிவத்தை அவருக்குப் புரியும்படி படித்துச் சொல், அதன் பிறகு கையெழுத்து வாங்கு. படிப்பைப் பற்றிய கேள்விகளுக்கு நீ பதில் சொல். கட்டணம் எவ்வளவு, எத்தனை தவணை, பஸ்ஸுக்குத் தனியா என்பதையெல்லாம் அவர் கேட்கட்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று நின்று கேட்டுப் பழகியவர், உன்னைவிட நன்றாகக் கேட்பார்.