பெரிய நட்சத்திரங்களின் பிள்ளைப்பருவம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பெங்களூரு மர்பி டவுன் மொட்டை மாடிகளில் மார்கழி இரவில் அண்ணாந்து பார்த்தால், ஊர் வெளிச்சத்தையும் மீறித் திருவாதிரை செக்கச்செவேலென்று தெரியும். அதை வைத்தே தொடங்குவோம்.

நம்பிக்கை: பெரிய நட்சத்திரம் என்றால் ஆயுளும் பெரிது.

உண்மை: நேர்மாறு. பெரிய நட்சத்திரமான திருவாதிரைக்கு வயது ஏறத்தாழ 1 கோடி ஆண்டுதான். அதற்குள் அந்திமக் காலம் வந்துவிட்டது. 460 கோடி வயதான சூரியனுக்கோ பாதி வாழ்நாள் பாக்கி இருக்கிறது. பெரிய நட்சத்திரங்களின் அவசரம் பிறப்பிலேயே தொடங்குகிறது: சூரியனைப்போல் 8 மடங்குக்கு மேல் நிறையுள்ளவை, பிறக்கும்போது சுற்றியுள்ள தூசி விலகும் முன்பே ஹைட்ரஜனை எரிக்கத் தொடங்கிவிடுகின்றன.

நம்பிக்கை: தூசிக்குள் இருப்பதை எந்தத் தொலைநோக்கியாலும் பார்க்க முடியாது.

உண்மை: கண்ணுக்குத் தெரியும் ஒளிதான் தூசியில் சிக்கிக்கொள்ளும்; அகச்சிவப்பு ஒளி பெருமளவு தப்பி வந்துவிடும். 1967இல் வானியலாளர்கள் பெக்லினும் நாய்கெபாவரும் ஓரியன் நெபுலாப் பகுதியில் ஒளிந்திருந்த இளம் நட்சத்திரம் ஒன்றை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

நம்பிக்கை: அகச்சிவப்பு ஆய்வு என்றால் வெப்பப் படம் எடுப்பது.

உண்மை: படம் பாதி வேலைதான். ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் கோடு ஒவ்வொன்றும் ஒரு சேதி சொல்லும். 2.17 மைக்ரான் அலைநீளத்தில் அயனியான ஹைட்ரஜன். 2.12 மைக்ரானில், நட்சத்திரம் பீய்ச்சும் தாரை மேகத்தில் மோதிச் சூடாக்கிய ஹைட்ரஜன் மூலக்கூறு. 2.3 மைக்ரானில் கார்பன் மோனாக்சைடு ஒளிர்ந்தால், நட்சத்திரத்தை ஒட்டி அடர்ந்த, சூடான வாயு வட்டு சுழல்கிறது என்பதற்கு அடையாளம். தன் ஒளியே வாயுவை வெளியே தள்ளும்போது பெரிய நட்சத்திரம் எப்படி வளர்கிறது என்ற பழைய புதிருக்கு இந்த வட்டுதான் முக்கியமான விடை. நிறமாலையைக் கொண்டே ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, ஐராஸ் 23385 என்ற பெரிய இளம் நட்சத்திரத்தைச் சூழ்ந்த பனியில் எத்தனால் இருப்பதையும் காட்டியது. 2024இல் வெளியான முடிவு அது.

நம்பிக்கை: இதெல்லாம் வெளிநாட்டு வேலை.

உண்மை: லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் இமாலயன் சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. அகச்சிவப்பை விழுங்கும் நீராவி அந்த வறண்ட காற்றில் குறைவு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டிர்ஸ்பெக் என்ற அகச்சிவப்பு நிறமாலைக் கருவி 2013இல் அதில் பொருத்தப்பட்டது. 1 முதல் 2.5 மைக்ரான் வரை அது பார்க்கும்; மேலே சொன்ன மூன்று கோடுகளும் அதற்குள் அடக்கம். கோரமங்களாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் இந்தத் தொலைநோக்கியைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாக ஹொசகோட்டையிலிருந்து இயக்குகிறது. மர்பி டவுன்காரர்களுக்கு அது பழைய மெட்ராஸ் ரோட்டில் கிழக்கே போனால் வரும் ஊர்தான்.

இனி வண்ணமயமான நட்சத்திரப் படம் வாட்ஸ்அப்பில் வந்தால், அழகை ரசித்துவிட்டு, அதன் நிறமாலை என்ன சொல்கிறது என்றும் தேடிப் படியுங்கள்.