பிள்ளைகளுக்கு ஒரு பாடம்: பார்பராவின் பள்ளிக்கூடம்



"அண்ணனுக்கு மட்டும் பெரிய துண்டா?" என்று பலகாரத்துக்குச் சண்டை பிடிக்கும் பிள்ளைக்கு அநீதி இன்னதென்று நாம் கற்பிக்க வேண்டியதில்லை. தனக்கு நேர்ந்ததை அது உடனே கண்டுகொள்ளும். பிறருக்கு நேர்வதைக் காணத்தான் பழக்க வேண்டும். அதற்கு நம் பிரசங்கத்தைவிட, சிறு வயதிலேயே நியாயம் கேட்ட ஒருவரின் வரலாறு நன்றாய் உதவும். இவ்வாரம் இதைச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தில் பார்ம்வில் என்று ஓர் ஊர். அங்கே வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பினத்தாருக்கு வேறொன்று. சட்டமே அப்படி. சுமார் 180 பேருக்கென்று கட்டிய கறுப்பினத்தார் பள்ளியில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதாமல் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகள் போட்டிருந்தார்கள். மழை வந்தால் ஒழுகும். கணப்படுப்பின் அருகே இருப்பவனுக்கு வெக்கை, தள்ளியிருப்பவனுக்குக் குளிர்.

1951 ஏப்ரல் 23-ஆம் தேதி பார்பரா ஜான்ஸ் என்னும் 16 வயதுப் பெண் மாணவர்களை மண்டபத்தில் கூட்டி, புதுப் பள்ளி கேட்டு வகுப்பைப் புறக்கணிப்போம் என்று பேசினாள். தலைமையாசிரியரைப் பொய்ச்செய்தி சொல்லி வெளியே அனுப்பிவிட்டுத்தான் கூட்டம் நடந்தது. இதை மறைக்க வேண்டாம். நல்ல காரியத்துக்காகப் பொய் சொல்லலாமா என்று பிள்ளைகளே வாதாடட்டும்.

உதவிக்கு வந்த வக்கீல்கள், புதுக் கட்டடத்துக்காக வழக்காட மாட்டோம், பிரிவினையையே எதிர்ப்பதானால் வருகிறோம் என்றார்கள். இங்கே கதையை நிறுத்திக் கேளுங்கள்: "இரண்டு பள்ளியும் ஒரே தரமாயிருந்தால், தனித்தனியே இருப்பதில் என்ன குற்றம்?" குற்றமில்லை என்றே பல பிள்ளைகள் சொல்லும். "அப்படியானால் பிரித்துவைக்க அவசியம் என்ன வந்தது?" என்று மறுபடி கேளுங்கள். சாதிக்கென்று கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பிய பங்குகள் நம் தமிழகத்திலும் உண்டு. இருபுறமும் மண் ஒன்றுதான்!

பெற்றோரும் மாணவரும் சம்மதித்தார்கள். அவ்வழக்கு வேறு நான்கு வழக்குகளோடு சேர்ந்து உச்சநீதிமன்றம் போயிற்று. 1954 மே 17-இல், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

கதை அதோடு முடியவில்லை. சேர்ந்து படிக்க விடுவதைவிடப் பூட்டுவதே மேல் என்று, 1959-இல் அவ்வட்டாரத்தார் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடினார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஏற்பட்டது. கறுப்பினப் பிள்ளைகள் அநேகர் படிப்பை இழந்தார்கள். உச்சநீதிமன்றம் கண்டித்த பின்பு, 1964-இல்தான் கதவு திறந்தது. சிலர் திரும்பவேயில்லை.

"பார்பரா பேசாமலிருந்தால் அவர்கள் படித்திருப்பார்களே" என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கும். கதவைப் பூட்டியது யார் என்று அதனிடமே கேளுங்கள்.