அந்த நாளும் ஆழ்ந்த சிவப்பும்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள கயல்விழி,

கல்லூரி மலருக்கு நீ எழுதிய விமர்சனத்தைப் படித்தேன். இத்தாலிய இயக்குநர் தாரியோ அர்ஜெந்தோ 1975இல் எடுத்த 'டீப் ரெட்' படத்தை, இழுவை, முடிவு ஒட்டவில்லை என்று இரண்டே வரியில் தள்ளிவிட்டாய். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் முதல் கொலைக் காட்சியை மட்டும் இன்னொரு முறை பார். பியானோ வாசிப்பவன் பதறிக்கொண்டு அந்த வீட்டுக்குள் ஓடுகிறான் அல்லவா, அந்த நடைவழியில் கொலையாளியை அர்ஜெந்தோ நமக்குக் காட்டியே விடுகிறார். அவன் கண்ணிலும் படுகிறது, நம் கண்ணிலும் படுகிறது. பார்த்தது இன்னதென்று இருவருக்கும் உறைப்பதில்லை. மிச்சப் படம் முழுக்க அவன் தேடுவது, தான் ஏற்கெனவே பார்த்துவிட்ட ஒன்றைத்தான். இது தெரிந்தபின் அந்த முடிவு ஒட்டவில்லை என்று உன்னால் எழுத முடியாது.

எந்தப் பிரதியைப் பார்த்தாய் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் ஏறத்தாழ 20 நிமிடம் வெட்டித்தான் வெளியிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடினால்தான் அது முழுப்படம்.

கொலை மர்மப் படத்துக்கு முதல் வாரத்தில் கிடைக்கும் பெயரை நான் ஏன் நம்புவதில்லை தெரியுமா? நம் ஊர்ப் படம் ஒன்றைச் சொல்கிறேன். 1954 ஏப்ரலில் ஏவிஎம் வெளியிட்ட 'அந்த நாள்'. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர், அப்போது அவருக்கு 27 வயது. சங்கீதத்தில் ஊறிய அந்த மனிதர் படத்தில் ஒரு பாட்டுகூட வைக்கவில்லை. நடனமும் இல்லை. 'பராசக்தி' வந்து இரண்டே வருடத்தில், ஊரெல்லாம் கொண்டாடிய சிவாஜி கணேசன் படம் தொடங்கியதுமே சுடப்பட்டுச் சாகிறார். 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானியர் குண்டு போட்ட சமயத்தில் கதை நடக்கிறது. வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் துப்பறியும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் விசாரிக்க விசாரிக்க, செத்தவன் ஆளுக்கொரு விதமாகத் தெரிகிறான். குரோசவாவின் 'ராஷோமான்' தந்த தூண்டுதல் அது. நிழலும் வெளிச்சமுமாக ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் பிடித்த முகங்களைப் பார். அந்த வெளிச்சத்தில் யாரையும் நம்பத் தோன்றாது.

பாட்டுக்காக வந்த கூட்டம் ஏமாந்து போனது. படம் ஓடவில்லை. தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. இன்று தமிழின் சிறந்த படங்களைப் பட்டியலிடும் எவரும் அதை விடுவதில்லை. படம் மாறவில்லை, கயல். பார்ப்பவர்கள் எதை எதிர்பார்த்து உட்கார்ந்தார்கள் என்பதுதான் மாறியது.

புதுச்சேரிக்காரியான உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் படம் வந்தபோது இது பிரெஞ்சு மண். மார்ச் 31 அன்றுதான் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியிருந்தது. நவம்பர் 1இல்தான் நிர்வாகம் கைமாறியது. எந்த நாட்டுக்கு விசுவாசம் என்ற கேள்வி இங்கே வீட்டுக்கு வீடு சூடாக இருந்த வருடம். 'அந்த நாள்' கதையின் அடியில் ஓடுவதும் அதே கேள்விதான். இதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், வெறும் துப்பறியும் கதையாக அது நின்றுவிடாது.

அர்ஜெந்தோவைக் குறையே சொல்லக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அவரும் அவருக்கு முன் மரியோ பாவாவும் பெண்கள் சாவதை அழகுபடுத்திக் காட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. அது உனக்கும் உறுத்தியிருந்தால் அதை எழுது. எந்தக் காட்சியில், கேமரா எங்கே நின்றது என்று சொல்லி எழுது. 'இழுவை' என்றால் எந்த இடம், ஏன் என்று காட்டு.

சனிக்கிழமை இங்கே வந்துவிடு, 'அந்த நாள்' போடுகிறேன். உன் அம்மாவையும் கூட்டிவா. அவள் இன்னும் பார்த்ததில்லை, அதனால் கொலை செய்தது யார் என்று எங்கேயும் படித்துவிட்டு வந்து சொல்லிவிடாதே.

அன்புடன்,
மாமா