வீட்டுக் காற்றின் தரம்: உணரியைத் தானியங்கி அமைப்புடன் இணைக்கும் முறை

ஆஸ்துமா அல்லது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் நாளின் பெரும்பகுதியை வீட்டுக்குள்ளேயே கழிக்கின்றனர். தெருப் புகையிலிருந்து தப்ப அதுவே போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் தாளிப்புப் புகை, ஊதுவத்தி, சாம்பிராணி, கொசுவத்திச் சுருள் ஆகியவையும் நுண்துகள்களை வெளியிடுகின்றன. புகை கண்ணுக்கு மறைந்த பின்னரும் துகள்கள் அறையில் நெடுநேரம் மிதக்கக்கூடும். இவற்றை அளக்கும் சிறு உணரிகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றை வீட்டின் தானியங்கி அமைப்புடன் கம்பியின்றி இணைத்தால், துகள் பெருகும்போது காற்றுத் தூய்மிப்பான் தானே இயங்கும். வெளியே சென்றிருக்கும் மகனுக்கோ மகளுக்கோ செய்தியும் போகும். இந்த இணைப்பை எவ்வாறு செய்வது, எதில் எச்சரிக்கை வேண்டும் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

உணரி எதை அளக்கிறது?

முதன்மையாகக் கவனிக்க வேண்டிய அளவு பி.எம். 2.5 என்பதாகும். 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவும் ஆன விட்டமுடைய துகள்களை இது குறிக்கும். இவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடாமல் நுரையீரலின் ஆழம்வரை செல்ல வல்லவை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 24 மணிநேரச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தர நிர்ணயத்தில் இவ்வரம்பு 60 மைக்ரோகிராம். இரண்டும் ஒரு நாள் முழுவதற்குமான சராசரிகள். ஆகவே தாளிக்கும் ஐந்து நிமிடத்தில் எண் 150ஐத் தொட்டுவிட்டதே என்று அஞ்ச வேண்டியதில்லை. அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே முக்கியம்.

வீட்டு உணரியின் உள்ளே ஒரு சிறு விசிறி காற்றை இழுக்கிறது. லேசர் ஒளி அதன்மீது படுகிறது. துகள்கள் சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு அளவு கணிக்கப்படுகிறது. நீர்த்துளியும் ஒளியைச் சிதறடிக்கும் என்பதை நோயாளர் வீட்டில் நினைவிற்கொள்ள வேண்டும். நெபுலைசர் வைக்கும்போதும் ஆவி பிடிக்கும்போதும் அருகிலுள்ள உணரி மிக உயர்ந்த எண்ணைக் காட்டும். அது புகையன்று; அதைக் கண்டு நெபுலைசரை நிறுத்திவிடக் கூடாது. ஈரப்பதம் மிகுந்த மழைநாள்களிலும் எண் சற்று மிகைப்படும்.

சில உணரிகள் கரியமில வாயுவையும் அளக்கின்றன. வெளிக்காற்றில் இது பத்து லட்சத்தில் ஏறக்குறைய 420 பங்கு. மூடிய அறையில் 1000ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று கொள்ளலாம். காற்றுத் தூய்மிப்பான் துகளை வடிகட்டுமே அன்றி இவ்வாயுவைக் குறைக்காது. அதற்குச் சன்னலைத் திறப்பதே வழி.

இணைப்பு வழிகள்

பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது வைஃபை. தனி மையக் கருவி தேவையில்லை. வீட்டு ரவுட்டரே போதும். இவ்வகை உணரிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும். செல்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் முதல் இணைப்பு தோல்வியடையக்கூடும். அப்போது ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயரைத் தேர்ந்தெடுத்து மீண்டும் முயல வேண்டும்.

இரண்டாவது ஜிக்பீ. இதற்கு ஹப் எனப்படும் மையக் கருவி வேண்டும். மின்னிணைப்பில் உள்ள ஜிக்பீ பிளக்குகள் பொதுவாகச் செய்தியை அடுத்த கருவிக்குக் கடத்தும் தன்மையுடையவை. ஆகவே கூடத்தில் மையக் கருவியும் உள்ளறையில் உணரியும் இருந்தால், நடுவில் ஒரு பிளக் இருப்பது இணைப்பை உறுதியாக்கும்.

கருவிகளை ஒருங்கிணைக்க உற்பத்தியாளரின் செயலியைப் பயன்படுத்தலாம். இல்லையேல், 2013இல் தொடங்கப்பட்ட ஹோம் அசிஸ்டன்ட் என்னும் கட்டற்ற மென்பொருளை ராஸ்பெரி பை போன்ற ஒரு சிறு கணினியில் நிறுவலாம். வாங்கும் முன் ஒன்றைக் கேட்டறிய வேண்டும்: இணையம் துண்டிக்கப்பட்டாலும் விதிகள் வீட்டுக்குள்ளேயே இயங்குமா? வெளியூர் வழங்கியை நம்பியிருக்கும் அமைப்பு, இணையம் நின்றவுடன் செயலற்றுவிடும்.

உணரியை வைக்கும் இடம்

நோயாளர் அதிக நேரம் இருக்கும் அறையில், கட்டிலில் அமர்ந்தால் மூக்கு இருக்கும் உயரத்தில் வைக்க வேண்டும். சன்னல், குளிர்சாதனம், காற்றுத் தூய்மிப்பானின் வெளிவாய், நெபுலைசர் வைக்கும் மேசை ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்கட்டும். தூய்மிப்பானுக்கு எதிரிலேயே உணரியை வைத்தால், வடிகட்டிய காற்றையே அளந்து அறை முழுதும் தூய்மை என்று காட்டும்.

முதல் வாரம் பார்த்தல் மட்டும்

இணைத்த அன்றே விதி எழுத வேண்டாம். ஒரு வாரம் எண்களைக் கவனித்து ஒரு நோட்டில் குறித்து வரவும். அதிகாலை, சமையல் நேரம், விளக்கேற்றும் நேரம், உறங்கும் நேரம் ஆகியவற்றில் எண் என்ன, அப்போது வீட்டில் என்ன நடந்தது, நோயாளருக்கு இருமலோ இளைப்போ இருந்ததா என்பவற்றை எழுத வேண்டும். இரண்டு பயன்கள் உண்டு. வீட்டின் வழக்கமான அளவு தெரியவரும். எண்ணை உயர்த்துவது எது என்பதும் தெரியவரும். ஒவ்வொரு மாலையும் கொசுவத்திதான் காரணம் என்று கண்டால், அதை விடுத்துக் கொசுவலைக்கு மாறுவது எந்தக் கருவியைக் காட்டிலும் சிறந்த மருந்து.

விதியை எழுதுதல்

மேல்நிலைத் தொட்டியின் தானியங்கி மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் ஓர் அளவுக்குக் கீழே போனால் ஓடும். வேறோர் உயர்ந்த அளவை எட்டினால் நிற்கும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் மோட்டார் ஓயாது நின்று நின்று ஓடும். காற்றுக்கும் அவ்வாறே இரண்டு எல்லைகள் வேண்டும். வழக்கமான அளவு 20 முதல் 25 வரை இருக்கும் வீட்டில் பின்வரும் விதி பொருந்தும்:

1. பி.எம். 2.5 அளவு 50ஐத் தாண்டி 3 நிமிடம் நீடித்தால் தூய்மிப்பானை இயக்கு.
2. அளவு 30க்குக் கீழ் இறங்கி 15 நிமிடம் நீடித்தால் நிறுத்து.
3. தூய்மிப்பான் ஓடியும் 30 நிமிடத்தில் அளவு இறங்காவிடில் பராமரிப்பாளருக்குச் செய்தி அனுப்பு.

இவ்வெண்கள் எடுத்துக்காட்டே; உங்கள் வீட்டுக் குறிப்பேட்டைக் கொண்டு மாற்றிக்கொள்க. ஒவ்வொரு சிறு ஏற்றத்துக்கும் செய்தி அனுப்பும் விதி வேண்டாம். நாளுக்கு இருபது முறை ஒலிக்கும் செல்பேசியை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உண்மையான ஆபத்தின் செய்தியும் அவற்றுள் தொலைந்துபோகும்.

தூய்மிப்பானை ஸ்மார்ட் பிளக் வழியாக இயக்க எண்ணினால் முதலில் ஒரு சோதனை செய்க. அது ஓடும்போது சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து மீண்டும் போடுங்கள். தானே ஓடத் தொடங்கினால் பிளக் பயன்படும். பொத்தானைத் தொட்டால்தான் ஓடும் என்றால் பிளக்கால் பயனில்லை. நேரடியாக இணையக்கூடிய வகையே வேண்டும். ஓசோனை வெளியிட்டுக் காற்றைத் தூய்மிப்பதாகச் சொல்லும் கருவிகளைத் தவிர்க்கவும். ஓசோன் மூச்சுக்குழாயை உறுத்தும்.

போகிப் புகை சூழும் விடியலிலும் தீபாவளி இரவிலும் வெளிக்காற்றே மோசமாயிருக்கும். அப்போது சன்னலை மூடுவதே முறை. சமையலறைப் புகைபோக்கி விசிறியைத் தானே இயக்கும் விதியையும் நிறுத்தி வைக்க வேண்டும். அவ்விசிறி உள்காற்றை வெளியேற்றும் அளவுக்கு வெளிக்காற்று இடுக்குகள் வழியே உள்ளே வரும்.

உணரி மௌனமானால்

இப்பாடத்தில் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இது. இணைப்பு அறுந்த உணரி எந்த எண்ணையும் அனுப்பாது. எண் வராதபோது விதியும் இயங்காது, செய்தியும் வராது. செய்தி வரவில்லையே, வீட்டில் காற்று நன்றாகத்தான் இருக்கிறது என்று குடும்பத்தினர் நம்பியிருப்பார்கள். மௌனத்தைத் தூய்மை என்று கொள்வதே இவ்வமைப்பின் பெரிய ஆபத்து.

ஆகவே நான்காவது விதி ஒன்று கட்டாயம் வேண்டும்: உணரியிடமிருந்து 15 நிமிடம் எண் வராவிடில் செய்தி அனுப்பு. மின்தடையில் ரவுட்டரும் மையக் கருவியும் அணைந்துவிடும் என்பதால் அவற்றுக்குச் சிறு யு.பி.எஸ். அமைப்பது நன்று. மேலும், பல அமைப்புகளில் விதியானது எண் எல்லையைத் தாண்டும் கணத்தையே கவனிக்கும். மின்சாரம் திரும்பும்போதே எண் 90 ஆக இருந்தால், தாண்டுதல் நிகழவில்லை என்று விதி வாளாவிருக்கக்கூடும். அமைப்பு மீண்டும் தொடங்கியவுடன் அப்போதைய எண்ணைச் சரிபார்க்கும்படி ஒரு விதியைச் சேர்ப்பது இக்குறையைத் தீர்க்கும். மாதம் ஒருமுறை ஓர் ஊதுவத்தியை உணரியின் அருகே சில நொடிகள் காட்டி, எண் உயர்கிறதா, தூய்மிப்பான் ஓடுகிறதா எனச் சோதிக்கலாம். இச்சோதனையின்போது நோயாளர் வேறு அறையில் இருக்க வேண்டும். ஆக்சிஜன் பயன்படுத்தும் வீட்டில் எந்த நெருப்பும் கூடாது. அங்கே ஊதுவத்திக்கு மாற்றாக, சமையல் நேரத்தில் எண் உயர்வதைக் கொண்டே சோதிக்கவும்.

இணைக்கக் கூடாதவை

ஆக்சிஜன் செறிவூட்டி, சிபாப், பைபாப், நெபுலைசர் ஆகிய மருத்துவக் கருவிகளை எக்காரணம் கொண்டும் ஸ்மார்ட் பிளக்கிலோ தானியங்கி விதியிலோ சேர்க்கக் கூடாது. ஒரு தவறான கட்டளை மூச்சையே நிறுத்திவிடும். அவை நேரடியாகச் சுவர் இணைப்பில் இருக்கட்டும். அன்றியும், காற்றுத்தர உணரிகளில் பெரும்பாலானவை சமையல் எரிவாயுக் கசிவையோ கார்பன் மோனாக்சைடையோ அறியா. அவற்றுக்குத் தனி எச்சரிக்கைக் கருவிகள் வேண்டும்.

எண்ணும் உடலும்

உணரி அறையின் காற்றை அளக்கிறது. நோயாளரின் மூச்சை அளப்பதில்லை. எண் குறைவாக இருக்கிறது என்று இன்ஹேலரைக் குறைப்பதும், எண் கூடியது என்று மருந்தைத் தாமே கூட்டுவதும் தவறு. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாத இளைப்பு, உதடு நீலம் பாய்தல், உடனடி நிவாரண இன்ஹேலர் எடுத்தும் தணியாமை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், திரையில் எண் 5 என்றே இருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும்.

அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு வரும்போது அந்த ஒரு வாரக் குறிப்பேட்டைக் கொண்டுவாருங்கள். எந்த நேரத்தில், எந்தப் புகைக்குப் பின் இளைப்பு வந்தது என்பது அதில் இருந்தால், நோயைத் தூண்டுவது எது என்று மருத்துவரும் நீங்களும் சேர்ந்து ஆராய அது உதவும்.