தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் போடச் சொல்கிறார்

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 24. சங்ககிரி பக்கம் ஒரு கிராமம். டாடா ஏஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன், போன வருடம் ஹெவி லைசென்ஸ் எடுத்து, இப்போது ஒரு டிரான்ஸ்போர்ட்டில் 12 சக்கர லாரியில் செகண்ட் டிரைவராக இருக்கிறேன். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி மகாராஷ்டிரா போவோம். திரும்பும்போது நாசிக் வெங்காயம். மெயின் டிரைவர் அண்ணனுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். ‘இவர்கிட்ட ரெண்டு வருசம் இருந்தா நீ எந்த வண்டியும் ஓட்டலாம்’ என்று சொல்லித்தான் ஓனர் என்னை ஏற்றிவிட்டார். ஆனால் அவர் ஸ்டேரிங்கைக் கொடுப்பதே அபூர்வம். கொடுத்தாலும் பத்து நிமிடத்துக்குள் கத்த ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை ஓடுகிற வண்டியில் ஸ்டேரிங்கைப் பிடித்துத் திருப்பிவிட்டார். தாபாவில் நாலு பேர் முன்னால் என் அம்மாவைச் சேர்த்துத் திட்டுகிறார். தார்ப்பாய் கட்டுவது, வண்டி கழுவுவது, சமைப்பது எல்லாம் நான்தான். தொப்பூர் இறக்கத்தில் அவர் நியூட்ரலில் விடுகிறார். ‘நீயும் இப்படி இறக்கிப் பழகு, டீசல் மிச்சமாகும்’ என்கிறார். வீட்டில் சொன்னால் ‘பொறுத்துப் போ, தொழில் கத்துக்க’ என்கிறார்கள். ஓனரிடம் சொல்லட்டுமா, வண்டி மாறட்டுமா, பொறுத்துக்கொள்ளட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம் மாவட்டம்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் நியூட்ரல் கடைசியில் வருகிறது. நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்றவற்றுக்கு யோசித்துச் செய்ய நாள் இருக்கிறது. இது அடுத்த நடையிலேயே உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகச் சேலம் வரும் லோடு வண்டிக்குத் தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். இரட்டைப் பாலம் பக்கம் எத்தனை வண்டிகள் கவிழ்ந்தும் மோதியும் கிடந்திருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பிறகும் போலீஸார் சொல்லும் காரணங்களில் நியூட்ரல் தவறாமல் இருக்கும். புனே போகும்போது புதிய காத்ரஜ் சுரங்கம் தாண்டி நவலே பாலம் வரை இறங்குகிறீர்களே, அங்கேயும் இதே கதைதான்.

கியரில் இறங்கினால் இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எக்ஸாஸ்ட் பிரேக்கும் கூட வேலை செய்யும். நியூட்ரலில் விட்டால் அத்தனை டன் எடையும் பிரேக் லைனிங் மேல்தான் விழுகிறது. மிதிக்க மிதிக்க டிரம் காய்ந்து, ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. அடிக்கடி மிதிப்பதால் டேங்கில் காற்றும் இறங்கும். இன்ஜினையே ஆஃப் செய்துவிட்டால் கம்ப்ரசர் நின்றுவிடும், பவர் ஸ்டேரிங்கும் கல்லாகிவிடும். வேகம் கூடிய பிறகு கியர் போடலாம் என்று நினைத்தால், விழாது.

டீசல் மிச்சம் என்கிறாரே, அதுவும் இப்போதைய வண்டிக்குப் பொருந்தாது. காமன் ரெயில் இன்ஜினில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரமே இன்ஜினைச் சுற்றும். அந்த நேரத்தில் இன்ஜெக்டர் டீசல் விடுவதில்லை. நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க டீசல் செலவாகும். ஆக, உயிரைப் பணயம் வைத்து அவர் மிச்சம் பிடிப்பதாக நினைக்கிற டீசலை, கியரில் இறக்கினால் வண்டியே மிச்சம் பிடித்துத் தரும். இதை அவருக்குப் பாடம் நடத்துகிற மாதிரி சொல்லாதீர்கள். மைலேஜ் கணக்கை ஓனரிடம் ஒப்பிக்கிறவர் அவர். ‘கம்பெனி சர்வீஸ்ல இப்படிச் சொன்னாங்கண்ணா, ஒரு நடை பாத்துடலாமா’ என்று கேளுங்கள்.

அவர் ஓட்டும்போது நீங்கள் தடுக்க முடியாது. இறக்கத்தின் நடுவில் வாக்குவாதம் கூடவே கூடாது. சொல்வதைத் தொப்பூர் வருவதற்கு முன்னால் டீ குடிக்கிற இடத்தில் சொல்லுங்கள். ஸ்டேரிங் உங்கள் கையில் இருக்கும்போது அவர் நியூட்ரல் போடச் சொன்னால், ‘எனக்கு அந்தளவுக்குக் கை பழகலீங்கண்ணா, கியர்லயே இறக்கிடறேன்’ என்று சொல்லிவிட்டு, ஏறும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். ‘பயந்தாங்கொள்ளி’ என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். விபத்து நடந்து ஓர் உயிர் போனால், பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் வழக்கு ஸ்டேரிங் பிடித்தவர் மேல்தான். ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ‘அண்ணன் சொன்னார்’ என்று நீதிமன்றத்தில் சொல்லித் தப்ப முடியாது.

ஓடுகிற வண்டியில் ஸ்டேரிங்கைப் பிடித்து இழுத்ததும் இதே வகைதான். அவர் நல்ல டிரைவராக இருக்கலாம், உங்கள் தவறைத் திருத்தத்தான் செய்திருக்கலாம். ஆனாலும் பக்கத்து சீட்டிலிருந்து அவருக்கு பிரேக்கும் எட்டாது, உங்கள் பக்கக் கண்ணாடியும் தெரியாது. அடுத்த முறை ஓட்ட உட்காருவதற்கு முன் ஒன்று பேசிவையுங்கள்: ‘நான் தப்புப் பண்ணா ஓரங்கட்டுன்னு சொல்லுங்கண்ணா, உடனே ஓரங்கட்டிக் கொடுத்துடறேன்.’ அவர் சொன்னதும் கோபப்படாமல், இண்டிகேட்டர் போட்டு, பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்திக் கொடுத்துவிடுங்கள். இரண்டு முறை அப்படி நடந்தால், கையை நீட்டுகிற பழக்கம் பெரும்பாலும் நின்றுவிடும்.

இனி அவருடைய வாய்க்கு வருகிறேன்.

அவர் ஏன் இவ்வளவு எரிந்து விழுகிறார் என்பதை அவர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். முன்பெல்லாம் லாரியில் கிளீனர் இருப்பார். வருடக்கணக்கில் கிளீனராக இருந்து, செட்டுக்குள் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திப் பழகி, பிறகு ராத்திரியில் காலி ரோட்டில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்து, அதற்கப்புறம்தான் லைசென்ஸ். செலவு கட்டுப்படியாகாமல் இன்று பெரும்பாலான வண்டிகளில் கிளீனரே இல்லை. நீங்கள் டிரைவிங் ஸ்கூலின் காலி லாரியில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிக்கொண்டு நேராக லோடு வண்டிக்கு வந்திருக்கிறீர்கள். இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அந்த இடைவெளியை நிரப்புகிற வேலை அவர் தலையில் விழுந்திருக்கிறது. அதற்கு ஓனர் அவருக்குத் தனியாக ஏதும் கொடுக்கிறாரா? கொடுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. டபுள் டிரைவர் போட்ட வண்டி என்று ஓனர் நேரத்தைக் குறுக்கிக் கணக்குப் போடுவார். அழுகுகிற சரக்கு என்பதால் வெங்காய மண்டியிலிருந்தும் போன் வந்துகொண்டே இருக்கும். செகண்ட் டிரைவரை நம்பி இவரால் கண்ணை மூட முடியவில்லை. ஆக, டபுள் டிரைவர் நேரத்தில் தனி ஆளாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். 2025 வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றது. நெடுந்தூர ஓட்டத்துக்கு அதிகபட்சம் பத்து. ரோட்டில் அதை யார் பார்த்தார்கள்? இரண்டு இரவு சரியாகத் தூங்காத மனிதரிடம் விடியற்காலை நான்கு மணிக்கு நீங்கள் கேள்வி கேட்டால் வசவுதான் வரும். குளித்துச் சாப்பிட்ட பிறகு கேளுங்கள். லோடு இறக்க வரிசையில் நிற்கும்போது கேளுங்கள்.

அவருக்கு உங்களால் தரக்கூடிய பெரிய உதவி, அவர் நம்பித் தூங்குகிற இரண்டு மணி நேரம். அதைச் சம்பாதித்துவிட்டால் ஸ்டேரிங் கேட்காமலே கைக்கு வரும். ‘ஓட்டக் கொடுங்க’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இடத்தையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள்: ‘தும்கூர் தாண்டிச் சித்ரதுர்கா வரைக்கும் காலையில நான் ஓட்டறேங்கண்ணா. நீங்க பக்கத்துலயே உக்காந்துக்கங்க.’ அகலமான ரோடு, பகல் வெளிச்சம், ஊர் நெரிசல் குறைவு. அந்த ஒரு துண்டை ஒவ்வொரு நடையிலும் கேட்டு வாங்குங்கள். சீரான வேகத்தில், முன் வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு, திடீர் பிரேக் இல்லாமல், கியர் உறுமாமல் ஓட்டுங்கள். பின்னால் படுத்திருக்கிற டிரைவர் கண்ணால் பார்ப்பதில்லை, முதுகால்தான் பார்க்கிறார். ஒரு வெட்டு, ஒரு குலுக்கல் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஓவர்டேக் செய்து கெட்டிக்காரத்தனம் காட்டவேண்டாம்.

தார்ப்பாய், கயிறு, கழுவுதல் பற்றி வருத்தப்பட்டிருக்கிறீர்கள். சமையலைப் பிரித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம், நியாயம்தான். ஆனால் மற்ற வேலைகளை விட்டுவிடாதீர்கள். அவர் வாயால் சொல்லித்தராததெல்லாம் அங்கேதான் இருக்கிறது. நிறுத்துகிற இடமெல்லாம் லிவரால் டயரைத் தட்டிப் பாருங்கள். ஜோடி டயரில் உள்பக்கத்து டயர் காற்றிறங்கினால் கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தில்தான் தெரியும். வீல் நட்டைச் சுற்றித் துருக்கோடு ஓடியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. இறக்கம் முடிந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடவேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அனலாக இருந்தால் அந்த பிரேக் சரியாக விடவில்லை. காலையில் அவர் எழுவதற்குள் ஆயில், கூலன்ட், ஆட்புளூ, லைட், காற்று எல்லாம் பார்த்துவிட்டு, ‘பின் ஆக்சில்ல இடது உள் டயர் சத்தம் சரியில்லீங்கண்ணா’ என்று நீங்கள் சொல்கிற நாளில் அவர் உங்களிடம் பேசுகிற தொனியே மாறும். பலரிடம் அந்த மாற்றத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ரிவர்ஸ் எடுப்பதை ரோட்டில் கற்க முடியாது. கம்பெனி யார்டில் லோடு இறக்கிய பிறகு, காலி வண்டியில் கேட்டுப் பழகுங்கள். அந்த நேரத்தில் மறுக்கிற டிரைவர்கள் குறைவு.

இவ்வளவும் செய்து, அவர் திட்டுவது தொழில் சம்பந்தமான திட்டாக இருந்தால் சில மாதம் பொறுக்கலாம் என்பது என் கருத்து. ‘கிளட்ச்ச மிதிச்சே வெச்சிருக்கறியே, கண்ணு தெரியுதா’ என்பதில் கிளட்ச் பற்றிய செய்தி இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவை இழுப்பதில் எந்தச் செய்தியும் இல்லை. அதைப் பொறுக்க வேண்டியதில்லை. தாபாவிலேயே பதில் சொல்லாதீர்கள். அவருக்கும் நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க முடியாது. வண்டிக்குள் இருவர் மட்டும் இருக்கும்போது நிதானமாக, ‘என்னை என்ன வேணா சொல்லுங்கண்ணா, அம்மாவைச் சொல்லாதீங்க’ என்று ஒரே ஒரு முறை, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பலருக்கு அந்தச் சொற்கள் வாயில் ஊறிப்போனவை, யாரும் நிறுத்தச் சொன்னதில்லை. சொன்ன பிறகும் தொடர்ந்தால், அது தெரிந்தே செய்வது.

கை நீட்டினால், குடித்துவிட்டு ஓட்டினால், தூங்கும் இடத்தில் தகாத விதமாகத் தொட்டால் பொறுமை என்ற பேச்சே கிடையாது. கடைசியாகச் சொன்னது இளம் பையன்களுக்கு நடக்கிறது; வெட்கத்தில் யாரும் வீட்டில் சொல்வதில்லை. அதனால்தான் நீங்கள் கேட்காமலே எழுதுகிறேன். அப்படி எதுவும் நடந்தால் நடை முடியும்வரை காத்திருக்காதீர்கள். டோல்கேட்டிலோ பெரிய பெட்ரோல் பங்கிலோ, வெளிச்சமும் கேமராவும் இருக்கிற இடத்தில் இறங்கிவிடுங்கள். 112க்கு எந்த மாநிலத்திலிருந்தும் பேசலாம். அதற்குப் பிறகு ஓனருக்கு போன் செய்யுங்கள். இதற்காகவே லைசென்ஸ், போன், ஊர் திரும்பப் பணம் மூன்றும் எப்போதும் உங்கள் சட்டையில் இருக்க வேண்டும். ஒரிஜினல் லைசென்ஸைச் செட்டில் கொடுத்துவைக்க வேண்டாம். டிஜிலாக்கரிலும் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள்.

ஓனரிடம் சொல்வதா என்று கேட்டீர்கள். சொல்லுங்கள், ஆனால் நடை நடுவில் போனில் வேண்டாம். ஊர் வந்து கணக்கு முடித்த பிறகு, நேரில். ‘திட்டுறாருங்க’ என்றால் அவர் சிரித்து அனுப்பிவிடுவார். ‘ஒரு நடைக்கு இத்தனை கிலோமீட்டராவது நான் ஓட்டணுங்க. அண்ணனுக்குத் தூக்கமே இல்லை. வண்டியும் சரக்கும் உங்களோடது’ என்று தொடங்குங்கள். பழக்கிவிடுகிற மாதங்களுக்கு அண்ணனுக்குக் கூடுதல் பேட்டா கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். உங்களுக்காக இல்லாமல் அவருக்காக நீங்கள் கேட்டது அவர் காதுக்கும் போகும். நியூட்ரல் விஷயத்தை அண்ணனிடம் முதலில் பேசிவிட்டு, அவர் விடவில்லை என்றால் மட்டும் ஓனரிடம் கொண்டுபோங்கள். அப்போது மறைக்கவேண்டாம். அதைக் கோள் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அந்த வண்டியில் நீங்களும்தான் படுத்துத் தூங்குகிறீர்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் அந்தத் தும்கூர்த் துண்டுகூடக் கைக்கு வரவில்லை, நியூட்ரலும் நிற்கவில்லை என்றால் வண்டி மாறுங்கள். சண்டை வேண்டாம், வரவேண்டிய பாக்கியை முழுதாக வாங்கிக்கொண்டு சொல்லிவிட்டு வாருங்கள். நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி மையம் இருக்கிறது. மாறுகிற இடைவெளியில் அங்கே ஒரு குறுகிய பயிற்சி கிடைக்குமா என்று விசாரியுங்கள். புது செட்டில் சம்பளத்தைப் பேசுவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த டிரைவரோடு போடுவார்கள், அவரிடம் இதற்கு முன் பழகியவர் இப்போது எங்கே ஓட்டுகிறார், அந்த ஆளின் போன் நம்பர் தருவார்களா. நம்பர் கிடைத்தால் அன்றைக்கே பேசிவிடுங்கள்.