ஆடாத ட்ரோன் காட்சி: எதை வாங்குவது, எதை விடுவது?

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வீடியோ தொழிலுக்கு வரும் மாணவர்கள் ட்ரோன் வாங்கும் விதம் கவலை தருகிறது. கோபுர உச்சியிலிருந்து தலைகுப்புறப் பாயும் ரீல்ஸைப் பார்த்து ஒரு பையன் கண்ணாடி மாட்டி ஓட்டும் எஃப்பிவி ட்ரோன் வாங்குகிறான். "வாங்குறதே வாங்குற, பெருசா வாங்கு, நாலு முகூர்த்தத்துல காசை எடுத்துரலாம்" என்று அப்பா சொன்னதற்காக இன்னொருவன் வட்டிக்கு எடுத்துப் பெரிய ட்ரோன் வாங்குகிறான். கடைசியில் இருவரின் படமும் ஆடுகிறது.

கண்முன்னே இருக்கும் வழிகள் நான்கு. கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் இல்லாத மலிவு ட்ரோன், பெட்டியில் 4கே என்று போட்டிருந்தாலும், பறக்கப் பழகத்தான் உதவும். 250 கிராமுக்குள் மூன்று அச்சு கிம்பலோடு வரும் சின்ன ட்ரோன்தான் பெரும்பாலானோருக்குப் போதும். அதைவிடக் கனமானது காற்றில் நன்றாக நிற்கும். ஆனால் 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமைத் தாண்டியதைத் தொழிலுக்குப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டும். நான்காவது எஃப்பிவி. எதை வாங்கினாலும் ரசீதோடு வாங்குங்கள். வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியிலிருந்து தடை இருக்கிறது. ரசீதில்லாமல் கைமாறும் பெட்டி பழுதானால் கேட்க நாதியில்லை.

இப்போது எஃப்பிவி பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் விழும் பள்ளம் அதுதான். பெரும்பாலான எஃப்பிவியில் கேமரா சட்டத்தோடு இறுகப் பூட்டியிருக்கும். மெஷின் சாய்ந்தால் படமும் சாயும். ரீல்ஸில் தெரியும் அந்த வழுக்கல், பறக்கும்போது பதிவான கைரோ தகவலை வைத்து கைரோஃப்ளோ போன்ற மென்பொருள் பிறகு சரிசெய்து கொடுத்தது. அதற்கு இரண்டு விலை உண்டு. ஃப்ரேமின் ஓரங்கள் வெட்டுப்படும். ஷட்டரை வேகமாக வைத்தே எடுத்திருக்க வேண்டும். மெதுவாக வைத்தால் ஆட்டம் நின்ற பிறகும் அதன் மங்கல் படத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிகாலை வெளிச்சத்தில் ஷட்டரை ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும்.

முழு மேனுவலில் கையை எடுத்தால் எஃப்பிவி நின்ற இடத்தில் நிற்காது, விழும். கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் மாதக்கணக்கில் உட்காரப் பொறுமையில்லாதவர் அதன் பக்கம் போகவே கூடாது. கண்ணாடி மாட்டியவருக்குச் சுற்றுப்புறம் தெரியாது. ட்ரோனைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆடிப்பூரத் தேரோட்டத்தில் வடம் பிடிக்கும் கூட்டத்துக்கு மேலே இதைப் பாய்ச்சுவது படமெடுப்பதல்ல, அடுத்தவர் தலையோடு விளையாடுவது. இத்தனைக்கும் கல்யாண வீட்டார் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது மண்டபமும் தெருவும் மெல்ல விரியும் ஒரே ஒரு காட்சியைத்தான். மெதுவான காட்சிதான் நிலைக்கும் என்பது இந்தத் தொழில் எனக்குக் கொடுத்த முடிவு. அதிலிருந்து நான் மாறப்போவதில்லை.

சின்ன கிம்பல் ட்ரோனே வழுவழுப்பான படம் தரும், நான்கைந்து பழக்கம் இருந்தால். பறக்குமுன் ஒவ்வொரு இறக்கையின் ஓரத்திலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. அந்த அதிர்வு படத்தை ஜெல்லியாக்கும், இறக்கையை மாற்றுங்கள். ட்ரோனை மெதுவாக்கும் சினி மோடில் வையுங்கள். ஸ்டிக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து, நகர்வதே தெரியாத அளவில் தள்ளத் தொடங்கி, அதே நிதானத்தில் விடுங்கள். படம் குலுங்குவது பெரும்பாலும் தொடக்கத்திலும் முடிவிலும்தான். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஷட்டர் 1/50. நம்மூர் வெயிலில் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லாமல் அது நடக்காது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் 192 அடி. ட்ரோன் வரைபடத்தின் பச்சை மண்டலத்தில் அனுமதிக்கப்பட்ட உயரம் 400 அடி. கோயில் அனுமதி பெற்று, தள்ளி நின்று எடுங்கள். நேர்கீழாக இறக்கினால் தன் இறக்கை கிளப்பிய காற்றிலேயே ட்ரோன் தள்ளாடும். ஆகவே ஏறும்போது படமெடுங்கள். இறக்கித்தான் எடுக்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் நகர்ந்தபடி இறக்குங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்கும் காற்றில் 249 கிராம் எம்மாத்திரம்? காற்றை எதிர்க்க ட்ரோன் சாயச் சாய கிம்பல் தன் எல்லையில் முட்டி, அடிவானம் கோணும். அந்த மாதங்களில் விடியற்காலையை விட்டால் வேறு நேரமில்லை. அய்யனார் கோயில் பக்கம் காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் பறக்கவே விடாதீர்கள். அது 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ட்ரோனின் விலையைக் கேட்கும் முன், பிள்ளை ஒரே கண்மாய்க்கரையை ஒரு வாரம் எடுக்கத் தயாரா என்று கேளுங்கள். சிலருக்கு விரலில் நிதானம் இருக்கும், சிலருக்கு எடிட்டிங்கில் கண் இருக்கும். இரண்டும் பிழைப்புத் தரும். தனக்கு எது வரும் என்று கண்டுகொள்ள இரவல் ட்ரோனும் சில காலைகளும் போதும். அதைக் கண்டுகொண்ட பிறகு காசை எடுங்கள். திறமையை யாரும் பெட்டியில் வைத்து விற்பதில்லை. விடாமல் பழகுபவருக்கு அது கட்டாயம் வரும்.