இணையத் திசைவிகளும் முகவரித் தேடலும்

முன்னுரை

கணிப்பொறி வழியே நாம் விடுக்கும் மடல் ஒரே முழுமையாகப் பயணம் செய்வதில்லை. சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் தலைப்பிலும் சேருமிட முகவரி பொறிக்கப்பட்டுத் தனித்தனியே செல்கிறது. வழியிலுள்ள சந்திப்புகள்தோறும் அப்பொட்டலத்தை ஏற்று, முகவரியை நோக்கி, அடுத்த சந்திப்பிற்குச் செலுத்தும் கருவியே ரூட்டர் என வழங்கும் திசைவியாகும். இப்பணியை அது எங்ஙனம் விரைந்து ஆற்றுகிறது என்பதையும், அவ்விரைவு எதனால் தடைப்படும் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

முகவரியும் முன்னொட்டும்

பெருவழக்கிலுள்ள இணைய முகவரி, 0 அல்லது 1 ஆகிய 32 இரும இலக்கங்களால் ஆனது. இதனால் 429 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அமைகின்றன. இவை அனைத்தையும் ஒரு திசைவி தனித்தனியே அறிந்திருக்க வேண்டுவதில்லை. 1972ஆம் ஆண்டு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டெண்ணை நினைவுகூர்வோம். 6 எனத் தொடங்கும் எண்ணைக் கண்டதும், கடிதம் தெற்கே செல்வது எனத் தில்லியில் பிரிப்பவர் அறிவார். தெருப்பெயரை அவர் படிக்க வேண்டியதில்லை. அவ்வாறே முகவரியின் தொடக்கப் பகுதியாகிய முன்னொட்டைக் கொண்டே திசைவி திசையை அறிகிறது.

தொடக்கத்தில் முன்னொட்டின் நீளம் 8, 16, 24 என மூவகையாகவே இருந்தது. சிலர்க்கு அது தேவைக்கு மிஞ்சியது, சிலர்க்குப் போதவில்லை. எனவே 1993இல் எந்நீளத்திலும் முன்னொட்டு அமையலாம் எனும் வகுப்பிலா முறை வகுக்கப்பட்டது. முகவரிகள் சிக்கனமாயின, ஆயின் தேடல் கடினமாயிற்று. 10.0.0.0/8, 10.1.0.0/16 ஆகிய இரண்டும் பட்டியலில் இருப்பின், 10.1.2.3 என்னும் முகவரி இரண்டிற்கும் பொருந்தும். பொருந்துவனவற்றுள் மிக நீண்டதையே கொள்க என்பது விதி.

தேடல் மரம்

இவ்விதியைத் தமிழ் மாணவர் அகராதி வழியே எளிதில் உணரலாம். ‘கல்’, ‘கல்வி’ என்னும் இரு சொற்களை மட்டும் கொண்ட ஓர் எழுத்து மரத்தை எண்ணுவோம். ‘கல்வியாளர்’ எனும் சொல்லைத் தேடின் க, ல், வி எனக் கிளைவழியே சென்று, மேற்கிளை இன்மையால் ‘கல்வி’யில் நிற்போம். ‘கல்வெட்டு’ எனும் சொல்லைத் தேடினாலோ ‘கல்’லிலேயே நிற்போம். எழுத்துகளுக்கு மாறாக 0, 1 என்னும் இரு கிளைகளே உடைய இத்தகைய மரத்தில்தான் திசைவி தேடுகிறது. கிளை பிரியாத நெடுவழிகளைச் சுருக்கி மரத்தைச் செறிவாக்கும் முறையை 1968இல் டொனால்டு மாரிசன் வெளியிட்டார்.

எனினும் விரைவு போதவில்லை. நொடிக்கு 1,000 கோடி இலக்கங்களைச் சுமக்கும் இணைப்பில் மிகச் சிறிய பொட்டலங்களே தொடர்ந்து வரின், ஒவ்வொன்றிற்கும் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 67 நானோ நொடியே. சாதாரண நினைவகத்தை ஒருமுறை படிக்கவே அதன் பெரும்பகுதி செலவாகும். 32 கிளைகளை ஒவ்வொன்றாய்க் கடப்பது எங்ஙனம் இயலும்?

1998இல் பங்கஜ் குப்தா, ஸ்டீவன் லின், நிக் மெக்கியோன் ஆகியோர் ஒரு வழி கண்டனர். முன்னொட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை 24 இலக்கங்களை விஞ்சுவதில்லை என அவர்கள் நோக்கினர். முதல் 24 இலக்கங்களையே வரிசை எண்ணாகக் கொண்டு 1,67,77,216 இடங்கள் உடைய அட்டவணை அமைத்தனர். இதற்கு ஏறத்தாழ 33 மெகாபைட் நினைவகம் தேவைப்பட்டது. ஆனால் பெரும்பாலும் ஒரே வாசிப்பில் விடை கிட்டியது. எஞ்சியவற்றிற்கு மட்டும் இரண்டாம் வாசிப்பு வேண்டும். இடத்தைச் செலவிட்டு நேரத்தை ஈட்டிய முறை இதுவாகும். எல்லாப் பதிவுகளையும் ஒருசேர ஒப்பிடும் தனிவகை நினைவகங்களும் உள. அவை மிக விரைவானவை. ஆயின் விலை மிக்கவை, மின்சாரம் மிகுதியாய் உண்பவை, கொள்ளளவில் குறுகியவை.

பொதுச்சுமை

அக்குறுகிய கொள்ளளவின் விளைவை உலகம் 2014 ஆகஸ்ட் 12 அன்று கண்டது. உலகளாவிய பாதைப் பட்டியல் அன்று ஐந்து இலட்சத்துப் பன்னீராயிரம் எனும் எல்லையைக் கடந்தது. அவ்வளவிற்கே நினைவகம் ஒதுக்கப்பட்டிருந்த பழைய திசைவிகள் தடுமாறின. பல இடங்களில் இணையம் தடைப்பட்டது. பட்டியல் இன்று ஒன்பது இலட்சத்திற்கும் மேல் வளர்ந்துள்ளது. ஒரு நிறுவனம் தன் வசதிக்காகத் தன் முன்னொட்டைப் பல துண்டுகளாக்கி அறிவித்தால், அத்துண்டுகள் ஒவ்வொன்றையும் உலகின் முதுகெலும்புத் திசைவிகள் அனைத்தும் சுமக்க நேரிடுகிறது.

முடிவுரை

எல்லாவற்றையும் அறிந்திருப்பதால் அன்று, வேண்டியதை ஒழுங்குபட வைத்திருப்பதாலேயே திசைவி விரைகிறது எனக் கண்டோம். அவ்வொழுங்கைக் கருவி மட்டும் காக்க இயலாது; பொதுவழியைப் பயன்படுத்துவோர் அனைவரும் சேர்ந்தே காக்க வேண்டும். நாளை வலையமைப்புகளை நிருவகிக்கவிருக்கும் நம் மாணவர்கள் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக.